கார்டியன் பேப்பர மட்டும் நம்பி புள்ளைய பிளேன் ஏத்தாதீங்க

அனாதப் புள்ளைங்கள வச்சுப் பாக்குற ஹோம்ல கெடக்குற புள்ளைய ஒரு வெள்ளக்கார ஜோடி வந்து கேட்டா குடுத்துற வேண்டியதுதானே, இங்க இருந்து அது என்னத்த காணப்போவுதுன்னு இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் நம்ம தோட்டத்து ஆளுங்களே சொல்லி நெறைய தடவ கேட்டிருக்கேன். சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்ல, பத்துக்குப் பன்னெண்டு அடி லயத்துக் காம்பராவுல பொறந்து வளந்தவங்களுக்கு வேற எப்படித் தோணும். ஆனா இந்த விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. ஒரு புள்ள கடல் தாண்டிப் போறதா இருந்தா முழு தத்துப்புள்ளையா, போற நாட்டுப் பிரஜையா, பெத்தவ பேரு உண்மையா எழுதின பத்திரத்தோட போகணும். இவங்கதான் பாதுகாவலர்னு கோர்ட்ஸ் குடுக்குற வெறும் கார்டியன் ஓடர வச்சுக்கிட்டு போகவே கூடாது. கார்டியனா இருந்து பாத்துக்கணும்னு ஆசப்படுறவங்க இங்க வந்து இருந்து பாக்கட்டும்.

ரெண்டும் ஒன்னுதானேன்னு நெனைக்காதீங்க. கார்டியன்னா புள்ளைய வளக்குறது, படிக்க வக்கிறது, ஆஸ்பத்திரில கையெழுத்து போடுறது, அவ்வளவுதான் பொறுப்பு, புள்ளைக்கு 18 வயசானா அதுவும் முடிஞ்சிரும். சொத்துல பங்கு கெடையாது, அவங்க நாட்டு பாஸ்போர்ட்டும் தானா வந்துராது. தத்து அப்படி இல்ல, நம்ம நாட்டுல 1941ஆம் வருஷ தத்தெடுப்புச் சட்டத்துல கோர்ட்ஸ் ஓடர் போட்டா அது அந்தக் குடும்பத்துப் புள்ள.

மலையகத்து ஆளுங்கள இந்தியாவுக்கு அனுப்புன சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல போன எங்க சொந்தம் நெறைய இன்னும் கோத்தகிரி பக்கம் இருக்கு, அங்க இது ரொம்ப காலம் எப்படி நடந்துச்சுன்னா, இந்தியாவுல 1956 தத்துச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுந்தான், அதனால வெளிநாட்டு ஜோடிங்க 1890ல வெள்ளக்காரன் போட்ட கார்டியன் சட்டத்துல போய் ஓடர் வாங்கி, புள்ளையத் தூக்கிட்டுப் போயி, அவங்க நாட்டுலதான் தத்து எடுக்கணும். அந்த எடப்பட்ட காலத்துல அந்தப் புள்ள யாரு புள்ள? பொறந்த நாட்டுலயும் சட்டப்படி அந்த ஜோடியோட புள்ள இல்ல, போன நாட்டுலயும் இன்னும் ஆகல. 1984ல இந்திய உச்ச நீதிமன்றம் லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்குல கடுமையான விதிமுறைங்கள போட்டதே இதுல நடந்த கூத்தையெல்லாம் பாத்துட்டுத்தான்.

அமெரிக்காவுல இத விட மோசம், அங்க முறையா தத்து எடுத்து வளத்தும் குடியுரிமைக்கு மனு போட நெறைய பேரு நெனைக்கல. அப்புறம் 2000ஆம் வருஷம் தத்துப்புள்ளைக்கு குடியுரிமை தானா கெடைக்கும்னு ஒரு சட்டம் வந்துச்சு, ஆனா 2001 பெப்ரவரி 27ஆம் தேதி 18 வயசு தாண்டாதவங்களுக்கு மட்டுந்தான் அது செல்லும். அதுக்கு மூத்தவங்க நடுத்தெருவுல. கைக்குழந்தையா போய் அங்கயே வளந்தவங்களப் புடிச்சு, பாஷையே தெரியாத பொறந்த நாட்டுக்கு நாடு கடத்துன கதையெல்லாம் நடந்திருக்கு.

பேப்பர் இல்லாத வாழ்க்க என்னன்னு மலையகத்தானுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்ல. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு, தாய் தகப்பன் யாருன்னே தெரியாம கைவிடப்பட்ட பச்சக் கொழந்தய இந்த நாட்டுல கண்டெடுத்தா அது பிரஜைன்னே வச்சுக்கணும்னு. நல்ல பிரிவு, நான் குத்தம் சொல்லல. ஆனா அதே சட்டம் தாய் தகப்பன் பேரு தெரிஞ்ச நம்ம தோட்டத்துப் புள்ளைங்கள நாடில்லாம ஆக்குச்சே, அதப் படிச்ச அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. எங்க அப்பாயி காலம் பூரா இந்தத் தேயிலையில நின்னு, கடைசில 2003 சட்டம் வந்துதான் பிரஜை ஆனாங்க. அதே நெலமைக்கு இன்னொரு புள்ளைய நம்ம கையாலயே அனுப்பலாமா?

பழசும் மறக்கக்கூடாது. இலங்கையில இருந்து 80கள்ல மட்டும் சுமார் 11,000 கொழந்தைங்க ஐரோப்பாவுக்குப் போயிருக்குன்னு சொல்றாங்க, அதுல ஒரு பகுதி, விக்கிறதுக்காகவே கொழந்தைங்கள சேத்து வச்ச கொழந்தப் பண்ணைன்னு சொல்ற எடங்கள்ல இருந்து. பெத்த தாய்க்கு பதிலா காசு வாங்கிட்டு வேற பொம்பள வந்து கோர்ட்ஸ்ல நான்தான் அம்மான்னு நின்னிருக்கா. 2017ல நெதர்லாந்து டிவில இது வெளிய வந்தப்ப அன்னிக்கு சுகாதார அமைச்சரா இருந்த ராஜித சேனாரத்னவே நடந்தது உண்மைன்னு ஒத்துக்கிட்டாரு. 2020ல சுவிஸ் அரசாங்கம் வருத்தம் தெரிவிச்சுச்சு, 2021ல நெதர்லாந்து தன்னோட விசாரணைக் குழு அறிக்கையப் பாத்துட்டு வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வச்சுச்சு. அப்ப போன புள்ளைங்க இப்ப நாப்பது வயசுல அம்மாவத் தேடி வந்து டிஎன்ஏ எடுத்துப் பாத்தா, பத்திரத்துல இருக்குற அம்மா அம்மாவே இல்ல.

1992ல சட்டத்த இறுக்குனாங்க, வெளிநாட்டுக்காரங்க அரசாங்கத்தோட நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆணையாளர் வழியாத்தான் வரணும், வெளிநாட்டுத் தத்து பத்தின சர்வதேச ஹேக் ஒப்பந்தத்துலயும் நாடு 1995ல சேந்துச்சு. அந்த ஒப்பந்தப்படி புள்ள பொறந்ததுக்கு அப்புறந்தான் தாய்கிட்ட சம்மதமே கேக்கணும், காசு குடுத்து வாங்குன சம்மதம் செல்லாது, சொந்த நாட்டுல ஒரு குடும்பம் கெடைக்குமான்னு பாத்துட்டுத்தான் வெளிநாடு. சட்டம் நல்லாத்தான் இருக்கு. ஓட்ட விழுறது கீழ, தோட்டத்துல, கையெழுத்து வாங்குற எடத்துல.

எங்க டிவிஷன்ல ஒரு அம்மாயி. மக குவைத்துக்குப் போயிட்டா, மருமகன் எங்கன்னே தெரியாது, பேத்திக்கு நாலு வயசு. பறிக்கிற கொழுந்து கிலோ கொறஞ்சா அரப் பேருதான், அதாவது அர நாள் சம்பளந்தான், புள்ளய வச்சுக்கிட்டு மலைக்கும் போக முடியல, முடியாமத்தான் ஒரு ஹோம்ல விட்டுச்சு. நான் கூடப் போயிருந்தேன். கை நாட்டு வக்கச் சொன்னாங்க, கொழுந்துக் கறையில வெரல் கருத்து ரேகையே தேஞ்சு போச்சு, பதியவே இல்ல, துணிய நனச்சு தொடச்சுத் தொடச்சு மூனு தடவ அமுக்கி வச்சாங்க. ஃபோம் முழுக்க சிங்களம். ஹொஸ்டல்ல சேக்குறதாத்தான் அந்த அம்மாயி நெனச்சுச்சு, சம்பளம் வாங்குன அடுத்த ஞாயிறு பிஸ்கட் பக்கெட்டோட பாக்கப் போகும். அந்தப் புள்ளயத்தான் பிறகு ஹோமுக்கு உதவி பண்ண வந்த ஒரு வெளிநாட்டு ஜோடி கேட்டாங்க, கார்டியன் ஓடர் எடுத்தா போதும், கூட்டிட்டுப் போயிரலாம்னு யாரோ அவங்களுக்கு சொல்லியிருக்காங்க. அவங்க மேல எனக்கு கோவமே இல்ல, அந்தப் புள்ள மேல உண்மையாவே பாசமா இருந்தாங்க. ஆனா வாட்ஸ்அப்ல தாய்க்காரி அழுத அழுக, என் புள்ளய நான் எப்ப வேணாம்னு சொன்னேன்க்கா, அதுகளுக்காகத்தானே இங்க கெடந்து சாகுறேன்னு.

கடைசில புள்ளயோட சித்திக்காரி நான் பாத்துக்கிறேன்னு முன்னுக்கு வந்தா. 1939 சிறுவர் சட்டத்துலயே நீதவான் ஒரு புள்ளைய தகுதியான ஒருத்தர் பொறுப்புல விடலாம், சொந்தக்காரங்களாவும் இருக்கலாம். அப்படித்தான் அந்தப் புள்ள இப்ப சித்தி வீட்டுல இருக்கு, ஸ்கூல் போவுது. ஹோம்ல இருக்குற நம்ம புள்ளைங்கள்ல பெரும்பாலானதுக்கு தாயோ தகப்பனோ ஒருத்தராவது உசிரோட இருக்காங்க. ஒரு புள்ளைய ஹோம்ல வச்சுப் பாக்க ஆகுற செலவுல பாதிய மாசாமாசம் அந்த சித்திக்கு குடுத்திருந்தா இந்த அலைச்சலே வந்திருக்காது, தோட்டத்து ஓட்டு கேட்டு வர்றவங்க இத வாயத் தொறந்து கேட்டதா எனக்குத் தெரியல.

நெசமாவே யாருமே இல்லாத புள்ள இருக்கு, நான் மறுக்கல. அதுக்கு இங்க குடும்பம் தேடி, கெடைக்காட்டி நல்ல ஜோடி வந்தா, ஆணையாளர் வழியா முழுத் தத்தா, குடியுரிமை உறுதியாகி போகட்டும், சந்தோஷம்.

இத வாசிக்கிறவங்க யாராவது தோட்டத்துல வெல்ஃபெயர்லயோ புள்ளைங்கள பாத்துக்குற பிள்ளக்காம்பராவுலயோ இருந்தா, கை நாட்டு வக்கிறதுக்கு முன்ன ஃபோம தமிழ்ல கேளுங்க, அரச அலுவலகத்துல தமிழ்ல கேக்குறது நம்ம உரிமை. ஒரு கொப்பி கையில வாங்காம வீட்டுக்கு வராதீங்க. சந்தேகமா இருந்தா 1929க்கு கோல் எடுங்க, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையோட நம்பர் அது. தாய் வெளிநாட்டுல இருந்தா அவ நம்பரையும் அந்த ஃபைல்லயே எழுத வைங்க.