ஓட்டத் தெரியாதவருக்கு என்ன தெரியும்?

நேற்றைக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். "கார் ஓட்டத் தெரியாத அம்மாவைப் போக்குவரத்து அமைச்சராக்கிய நாடு பிரிட்டன்" என்று மேடையில் பேசியவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. பதில் சொல்ல எழுந்தேன், நேரமில்லை என்றார்கள். ராத்திரி தூக்கமே வரவில்லை.

அந்த அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது. பார்பரா காஸில். ஆமாம், அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. 1965 டிசம்பரில் பதவிக்கு வந்தார். குடித்துவிட்டு ஓட்டுபவர்களைச் சாலையிலேயே நிறுத்தி ஊதச் சொல்லும் சட்டம் அவர் கொண்டுவந்தது. 1967 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்றது அந்தச் சட்டம். மதுக்கடைக்காரர்கள் கொதித்தார்கள், கொலை மிரட்டல்கூட வந்தது. ஓட்டத் தெரியாத பொம்பளைக்கு என்ன தெரியும் என்று அன்றைக்கும் கேட்டார்கள். முதல் வருடத்திலேயே சாலைச் சாவுகள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்தன.

என் சித்தப்பா பையனை இடித்துத் தள்ளியவனுக்கு நன்றாகவே ஓட்டத் தெரியும். இருபது வருட லைசென்ஸ். அன்றைக்குக் குடித்திருந்தான், அவ்வளவுதான். நாங்கள் போனபோது டிபன் கேரியரின் மேல் அடுக்கு மட்டும் சாலையோரம் கிடந்தது, உள்ளே எலுமிச்சை சாதம் அப்படியே இருந்தது. சித்தி இன்றுவரை எலுமிச்சை சாதம் கிளறுவதில்லை. ஓட்டத் தெரிவது பெரிய தகுதி என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

மணிக்கு 70 மைல் வேகவரம்பு அவருக்கு முன்பிருந்தவர் தொடங்கியது என்பீர்கள். சரி, தற்காலிகமாக இருந்ததை நிரந்தரமாக்கியது யார்? 1968இல் வேலைவாய்ப்புத் துறைக்கு மாறியவர், 1969இல் தொழிற்சங்கங்களோடு மோதித் தோற்றார் என்பீர்கள். தோற்றார்தான். அந்தத் தோல்விக்கு முந்தைய வருடம் டாகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் சீட் உறை தைக்கும் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்துப் பேசியவரும் இவர்தான். 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அதை ஏன் மேடையில் சொல்லவில்லை? அவருக்குத் தையல் மெஷின் மிதிக்கத் தெரியுமா என்றும் கேட்டிருக்கலாமே!

ஆண் அமைச்சர்களில் யாரிடம் இப்படி லைசென்ஸ் கேட்கிறோம்? ராணுவ அமைச்சரிடம் துப்பாக்கி சுடத் தெரியுமா என்று கேட்டிருக்கிறோமா?

1976இல் காலகன் பிரதமரானதும், இளையவர்களுக்கு இடம் வேண்டும் என்று சொல்லி இவரை அமைச்சரவையிலிருந்து வெளியே அனுப்பினார். அனுப்பியவர் இவரைவிட ஏறக்குறைய ஒன்றரை வயதுதான் இளையவர். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு வந்த கோபம்தான் நேற்று அந்தச் சிரிப்பைக் கேட்டதும் திரும்ப வந்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் பெண்கள்.