கம்பெனி ஸ்டீரியோ படுத்தும் பாடு

கார் நன்றாகத்தான் ஓடுகிறது. கூடவே வந்த ஸ்டீரியோதான் உயிரை எடுக்கிறது. திரை மினுக்கும், அணையும், தானே மறுபடி எழும், பாட்டு மட்டும் வராது. சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். மறுநாளே பழைய கதை. “யூனிட்டையே மாத்தணும் சார்.” உள்ளே ஒரு சின்ன ஐசி சில்லு போனாலும் முழுப் பெட்டிதானாம்! காசு கொடுத்து நீட்டித்த வாரன்ட்டியில் ஸ்டீரியோ மட்டும் சேராதாம். நல்ல நியாயம்.

சரி, கார் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் வேறு செட் பார்க்கலாமென்றால், ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீரிங் பட்டன்களும் அதே பெட்டியோடு பின்னிக் கிடக்கின்றன. அவை புது செட்டோடு பேச கேன்பஸ் அடாப்டர் என்றொரு இணைப்புப் பெட்டி வேண்டும், தனிச் செலவு. ஒயரை வெட்டினால் மிச்ச வாரன்ட்டியும் போச்சு என்று மிரட்டல் வேறு. பொது அளவில் வந்த பழைய 2-டின் செட்டை எவ்வளவு சுலபமாகக் கழற்றி மாட்டினார்கள்! இப்போது போனில்தான் பாட்டு. கதவுக்கு ஒன்றாக நாலு ஸ்பீக்கர் இருக்கின்றன, தண்டத்துக்கு.