எண் பலகை இல்லாத வண்டி நடைபாதையில் ஏறும்போது

மூன்று வாரங்களுக்கு முன், மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த என் பெரியம்மாவை, நடைபாதையிலேயே ஒரு மின்சார ஸ்கூட்டர் இடித்துத் தள்ளிவிட்டது. அவருக்கு 71 வயது. காது நன்றாகக் கேட்கும். பின்னால் வருவது ஆட்டோவா, பைக்கா, தண்ணீர் லாரியா என்பதைத் திரும்பிப் பாராமலே சொல்லிவிடுவார். அந்தக் காதை நம்பித்தான் இத்தனை ஆண்டுகளாகத் தெருவில் நடந்திருக்கிறார். இந்த வண்டி சத்தமே இல்லாமல் வந்தது. விழும்போது வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்து, இப்போது மாவுக்கட்டுடன் இருக்கிறார்.

ஓட்டி வந்தவன் பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு சிறுவன், எட்டாம் வகுப்பு படிக்கிறானாம். கால் வைக்கும் பலகையில் தங்கையை நிறுத்திக்கொண்டு, சாலையில் எதிர்த்திசையில் வர முடியாததால் நடைபாதையில் ஏற்றியிருக்கிறான். பெரியம்மா விழுந்ததும் வண்டியை அப்படியே போட்டுவிட்டு அழத் தொடங்கிவிட்டான். கையைப் பிடித்துக்கொண்டே, "அழாதேப்பா, தங்கச்சிக்கு அடிபட்டிருக்கான்னு பாரு" என்று பெரியம்மாதான் சொன்னார். அந்தப் பிள்ளை மீது எனக்குக் கோபம் இல்லை. சற்று நேரத்தில் வந்து சேர்ந்த அவன் தந்தை மருத்துவச் செலவைத் தாமே ஏற்பதாக மரியாதையாகவே பேசினார். ஆனால் இந்த வயதுப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, "இதுக்கு லைசென்ஸே வேண்டாம் சார், கடையிலேயே சொல்லித்தான் கொடுத்தாங்க" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. என்னை எழுத வைத்தது அதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தின் சான்றும் பெற்ற மின்வண்டி, "மோட்டார் வாகனம்" என்ற வரையறைக்குள்ளேயே வராது. அதனால் பதிவு இல்லை, எண் பலகை இல்லை, ஓட்டுநர் உரிமம் இல்லை, மூன்றாம் நபர் காப்பீடும் இல்லை. சிறுவர்களிடம் வாகனத்தைக் கொடுக்கும் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறதே, அதுவும் மோட்டார் வாகனத்துக்குத்தான் பொருந்தும். சைக்கிளைப் போல ஒன்று என்று நினைத்து இந்த விலக்கை அளித்திருக்கிறார்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். அந்த வேகத்தில் பேட்டரியும் இரண்டு பிள்ளைகளுமாகச் சேர்ந்து நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடை வந்து மோதினால், மோதப்படுகிறவருக்கு அது சைக்கிள் இல்லை.

அந்த 25 கிலோமீட்டர் என்ற எல்லையும் எத்தனை வண்டிகளில் உண்மையாக இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கடையிலோ மெக்கானிக்கிடமோ ஒரு வயரைத் துண்டித்து "ஸ்பீடு லாக்" எடுத்துவிட்டால் அதே வண்டி நாற்பதுக்கு மேல் போகிறது. எங்கள் பகுதியில் ஒரு மெக்கானிக் இதை என்னிடமே, ஏதோ இலவசச் சேவை போலச் சொல்லியிருக்கிறார். கேரளத்தில் 2023ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் துறை விற்பனைக் கடைகளில் சோதனையிட்டபோது, ஆற்றலும் வேகமும் கூட்டப்பட்ட வண்டிகள் பிடிபட்டன. இப்படி மாற்றப்பட்ட மறுகணமே அந்த வண்டி சட்டப்படி மோட்டார் வாகனமாகிவிடுகிறது. அதாவது பதிவும் உரிமமும் காப்பீடும் இல்லாமல் ஓடும் மோட்டார் வாகனம். ஆனால் தெருவில் நிற்கும் காவலர் பார்வையில் இதற்கும் சட்டப்படியான வண்டிக்கும் வேறுபாடே தெரியாது.

நடந்ததைப் பதிவு செய்து வைக்கலாம் என்று காவல் நிலையத்துக்குப் போனேன். முதல் கேள்வியே "வண்டி நம்பர்?" என்பதுதான். பொது வழியில் அஜாக்கிரதையாக எந்த வண்டியை ஓட்டினாலும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு பொருந்தும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இடித்தவர் நின்றால்தானே? அந்தச் சிறுவன் நின்றான். அவன் தந்தை வந்தார். நிற்காமல் போயிருந்தால், நீல நிற ஸ்கூட்டர் என்பதைத் தவிர நாங்கள் சொல்ல எதுவும் இருந்திருக்காது. தடையில்லாத நடைபாதை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. அந்த உரிமையை மீறியவர் யார் என்று அடையாளம் காட்டவே வழியில்லாத நிலையில் பாதசாரி யாரிடம் போய் முறையிடுவது?

நான் மின்வாகனங்களுக்கு எதிரானவன் இல்லை. பச்சைப் பலகை மாட்டிய, முறையாகப் பதிவான மின் ஸ்கூட்டரைத்தான் நானும் ஓட்டுகிறேன். உணவும் மளிகையும் கொண்டுவரும் தம்பிகள் பலர் உரிமம் இல்லாத காரணத்தாலேயே இந்த வேகம் குறைந்த வண்டிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள் என்பதும் தெரியும். பத்து நிமிடத்தில் பொருளைக் கொண்டுவரச் சொல்லி அவர்களை நடைபாதையில் ஏறவைப்பவர்களில் நாமும் இருக்கிறோம். எண் பலகை இருந்தால் அவர்களுக்கும் நல்லதுதான். இடித்தது யார் என்று தெரியாமல் அந்த வழியே போகும் எல்லாத் தம்பிகளையும் மறித்துத் திட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் மூன்று மாடிகளுக்கும் ஒரே மாடிப்படிதான். அந்தப் படிக்கட்டின் அடியில், முதல் தளத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக வயர் இழுத்து, இரவு முழுவதும் ஒரு வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கை வைத்துப் பார்த்தபோது பிளக் சுட்டது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் ஒரு தந்தையும் மகளும் வெளியே வர வழியின்றிப் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதே ஆண்டு டிசம்பர் முதல் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஆனால் வயரை வெட்டி, கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்படி மாற்றிய வண்டிக்கு எந்தச் சான்றிதழ் பொருந்தும்? வேகத்துக்காகச் செய்யும் திருத்தம் பேட்டரியையும் வயரையும் சேர்த்தே சூடாக்குகிறது. சங்கக் கூட்டத்தில் பேசி, சார்ஜ் போடும் இடத்தை மதில் ஓரமாக, மின்னோட்டம் அளவு மீறினால் தானாகவே துண்டிக்கும் தனி எம்சிபியுடன் மாற்றிவிட்டோம். வண்டிக்காரரும் முகம் சுளிக்காமல் பங்குப் பணம் கொடுத்தார்.

தெருவில் அப்படி நாமாக மாற்றிக்கொள்ள முடியாது. எல்லா மின்வண்டிகளுக்கும் எளிய கட்டணத்தில் ஓர் எண் பலகை, ஓட்டுபவருக்குக் குறைந்தபட்சம் 16 வயது, ஸ்பீடு லாக்கை எடுத்துவிடும் கடைகளில் திடீர்ச் சோதனை ஆகிய மூன்றையும் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். விதியைத் திருத்துவது மத்திய அரசின் கையில் இருப்பதால் ஒரு படி டெல்லிக்கும், சோதனையை இங்கேயே நடத்த முடியும் என்பதால் இன்னொரு படி கிண்டியில் உள்ள போக்குவரத்து ஆணையர் அலுவலகத்துக்கும் செல்கிறது. திங்கட்கிழமை நேரில் கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது அடிபட்டிருந்தால், எந்தத் தெரு, எந்த நேரம் என்பதை மட்டும் உள்பெட்டியில் எழுதுங்கள். ஞாயிறு இரவு வரை வருபவற்றை மனுவோடு இணைத்துவிடுகிறேன்.