ஃபெடரர் ராக்கெட்டை உடைத்ததே இல்லையா?

"ரோஜர் ஃபெடரர் ஒருமுறைகூட ராக்கெட்டை உடைத்ததில்லை, பிறவியிலேயே நிதானமானவர், அதனால்தான் ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள்" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

2009 மயாமி டென்னிஸ் போட்டியின் அரையிறுதியில் எதிரே ஜோகோவிச். முதல் செட்டை 6-3 என வென்ற ஃபெடரர் இரண்டாவதை இழந்துவிட்டு, மூன்றாவதிலும் தடுமாறிக்கொண்டிருந்தார். முன்னேறி வந்து அடித்த ஒரு ஃபோர்ஹேண்ட் வலையில் போய் விழுந்தது. மறுநொடியே ராக்கெட்டை ஓங்கித் தரையில் அறைந்தார். அது அங்கேயே வளைந்து நொறுங்கிப் போனது. அந்தக் காட்சியை வீடியோவில் இன்றும் பார்க்கலாம்.

இளம் வயதில் அவர் இன்னும் மோசம். கத்துவார், அழுவார், ராக்கெட்டை வீசுவார். 2001-இல் ஹாம்பர்க்கில் முதல் சுற்றிலேயே ஸ்குய்லாரியிடம் தோற்றபோதும் ராக்கெட்டை உடைத்தார். இனி இப்படி நடந்துகொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தது அந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். களத்தில் கண்ணியமாக நடந்துகொள்பவருக்குச் சக வீரர்கள் வாக்களித்துத் தரும் ஸ்டெஃபான் எட்பர்க் விருதை 13 முறை வாங்கியவரும் இதே மனிதர்தான்.

ராக்கெட்டை உடைக்காதவர் என்ற பெருமை உண்மையில் நடாலுக்கு உரியது. 2024-இல் ஓய்வு பெறும்வரை தொழில்முறை ஆட்டத்தில் அவர் அதைச் செய்ததில்லை. இருவரையும் குழப்பித்தான் யாரோ எழுதியிருக்க வேண்டும்.

எனக்கு ஃபெடரரை உயிராய்ப் பிடிக்கும். பிறவி நிதானம் என்று சொன்னால், கோபத்தோடு அவர் வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய உழைப்பே மறைந்துபோகிறது. அந்தப் பதிவை மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.