"மின்ட் கண்டிஷன்" என்று ஒரே ஒரு படம்

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் விற்பவர்களே, கிட்டாருக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு, தெரியுமா? விளம்பரப் படத்தில் இருட்டு அறை, சோபா, மேலே பாதி கிட்டார். கீழே "மின்ட் கண்டிஷன்", அதாவது புத்தம் புதுசு மாதிரியாம். எப்படி நம்புவது? லெஸ் பால் வகையறா கிட்டார்களில் ஹெட்ஸ்டாக், அதாவது கம்பியை முறுக்கும் தலைப்பகுதி, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். நட்டுக்கு (கழுத்து முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) அந்தப்பக்கம் ட்ரஸ் ராடுக்காக (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் இரும்புக் கம்பி) மரத்தைக் குடைந்திருப்பார்கள். கீழே விழுந்தால் விரிசல் விடுவது அங்கேதான். சரியாக அந்த இடம் மட்டும் எந்தப் படத்திலும் இருக்காது. தற்செயலாம்!

ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தேய்மானம் கேட்டால், "நல்லா இருக்கு சார்." ரிலீஃப், அதாவது கழுத்தின் லேசான வளைவு, எவ்வளவு? மௌனம். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), கடைசி ஃப்ரெட்டில் விரல், ஏழாவதில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி. 0.25 மி.மீ. பக்கம் இருந்தால் சரி. அரை நிமிஷ வேலை. ட்ரஸ் ராட் திரும்புகிறதா? "தொட்டதே இல்லை." இதில் பெருமை வேறு!

"எல்லாம் ஒரிஜினல், 1972 மாடல்." பிக்கார்டை (முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தகடு) கழற்றிக் காட்டச் சொன்னால் கோபம் வரும். ஏன் வராது? உள்ளே பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்) முதுகில் 1377633 என்றிருக்கும். 137 என்றால் சிடிஎஸ் என்ற கம்பெனியின் தயாரிப்பு, மிச்சம் 1976, 33வது வாரம். நான்கு வருஷம் கழித்துப் பிறந்த பாட் எப்படி ஐயா ஒரிஜினல்?

எக்ஸ்சேஞ்ச் கோஷ்டி தனி ரகம். கிட்டாருக்குக் கிட்டார் என்று தெளிவாக எழுதினாலும் வரும் முதல் கேள்வி: "ட்ரோன் இருக்கு, ஓகேவா?"