பி0171 வந்தால் ஆக்சிஜன் சென்சார்தான் போச்சா?

அண்ணா, பழைய கொரோலாவில் இன்ஜின் லைட் எரிந்து பி0171 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வந்தால், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றணும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோடு சொல்வது கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதை மட்டும்தான். பெரும்பாலும் சென்சார் அதைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? பழைய வண்டியில் வெடிப்பு விட்ட வாக்குவம் குழாய், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார், அடைத்துக்கொண்ட பெட்ரோல் ஃபில்டர், இதையெல்லாம் முதலில் பார்க்கணும். டர்பன் சாட்ஸ்வர்த் பக்கம் ஏதாவது ஸ்பேர்ஸ் கடையில் கோடு படிக்கும் ஒரு ப்ளூடூத் ரீடர் வாங்கி, இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஃபியூயல் ட்ரிம், அதாவது கலவையைச் சரிசெய்ய வண்டியின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது என்று பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) 20 சதவீதம் போல நின்று, 2500 ஆர்பிஎம் வைத்ததும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் எங்கேயோ காற்று கசிகிறது. அப்புறம், சென்சார் சர்க்யூட் கோளாறுக்கு பி0130 தொடங்கித் தனிக் கோடுகளே இருக்கின்றன.