அடுத்தவர் தொகுப்பில் கை வைக்கலாமா?

ஒருவர் பராமரிக்கும் மென்பொருள் தொகுப்பை (package) மற்றவர்களும் நேரடியாக மாற்ற விட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இது பல வருடங்களாக நடக்கிறது. பராமரிப்பாளர் அல்லாதவர் திருத்தி ஏற்றினால் 1.2-3 என்ற பதிப்பு எண் 1.2-3.1 ஆகும்; பார்த்தாலே வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அவசரமில்லாத பிழை என்றால் திருத்தம் உடனே வெளியாகாமல் தாமத வரிசையில் 10 நாள் போல நிற்கும். என்ன மாற்றினார்கள் என்று காட்டும் பேட்ச், பிழை அறிக்கையிலேயே கிடக்கும். பிடிக்கவில்லையா, பராமரிப்பாளர் அதற்குள் நிறுத்தச் சொல்லலாம், இல்லை தானே வேறு மாதிரி சரிசெய்து ஏற்றலாம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் இன்னும் தாராளம்: அனுபவமுள்ள ஒரு குழுவுக்கு ஏறக்குறைய எல்லாத் தொகுப்புகளிலும் கமிட் செய்யும், அதாவது மாற்றத்தை நேரடியாகப் பதியும் உரிமை உண்டு. பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஒரு லைப்ரரி மாறி, அதைச் சார்ந்தவற்றை எல்லாம் மறுபடி பில்ட் செய்ய (மூலநிரலிலிருந்து உருவாக்க) வேண்டிய நேரத்தில் ஒவ்வொருவர் பதிலுக்கும் காத்திருக்க முடியுமா என்ன?

பாதுகாப்பு போய்விடும் என்பவர்களுக்கு: 2024-ல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தவர் வெளியாள் அல்ல, அதன் இணைப் பராமரிப்பாளரேதான்.

எனக்குள்ள உறுத்தல் வேறு. திருத்தி ஏற்றியவர், அதனால் வரும் புதுப் பிழைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆள் காணாமல் போனால் எல்லாம் பராமரிப்பாளர் தலையில்தான் விடிகிறது.